மூலிகைகளின் அமானிதம் காத்த இப்னுல் பைத்தார் (ரஹ்)

நோயை இறக்கிய அல்லாஹ் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துச் சென்ற நற்செய்தியாகும். இதனை நாம் அனைவரும் செவியுற்றிருக்கிறோம். நோயுற்றவரை நலம் விசாரிக்கச் செல்லும்போது அவருக்கு ஆறுதலாக எடுத்துச் சொல்லியும் இருக்கிறோம். ஆயினும், அந்நற்செய்தியினுள் அடங்கியிருக்கும் பொறுப்பை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மருந்து இப்பூமியில் இருக்கிறதெனில், அதனைத் தேடிக் காண வேண்டியவர் யார்? கண்டெடுத்த வேர் மருந்துதானா, அல்லது அதனைப் போன்றே தோன்றும் நஞ்சா என்று சோதித்து உறுதி செய்ய வேண்டியவர் யார்?

இப்பொறுப்பைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்த பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்கிறோம். அவர்தாம் மாலகா நகரில் பிறந்து திமிஷ்க் நகரில் மறைந்த ளியாவுத்தீன் அப்துல்லாஹ் இப்னு அஹ்மத் அவர்கள். உலகம் அவர்களை இப்னுல் பைத்தார் என்ற பெயரால் அறியும். பைத்தார் என்னும் அரபுச் சொல்லுக்குக் கால்நடை மருத்துவர் என்பது பொருள்.

அந்தலூஸ் மண்ணில்

ஸ்பெயின் தேசத்தின் தென்கரையில் அமைந்திருக்கிறது மாலகா. கிறிஸ்தவ ஆண்டு 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்னுல் பைத்தார் அவர்கள் அங்கே பிறந்தார்கள். முஸ்லிம்களின் ஆட்சியில் பல நூற்றாண்டுகள் கல்வியால் ஒளி வீசிய அந்தலூஸ், அப்போது தன் அந்திக் காலத்தை நெருங்கிக் கொண்டிருந்தது. 1212ஆம் ஆண்டில் உகாப் எனுமிடத்தில் நிகழ்ந்த பெரும் போரில் முஸ்லிம் படைகள் தோல்வியுற்றன. அதன் பின் நகரங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவத் தொடங்கின. ஆட்சி தளர்ந்த அக்காலத்திலும் கல்வி தளரவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இஷ்பீலியா என்று அரபு மக்கள் அழைத்த செவில் நகரில் அபுல் அப்பாஸ் அந்நபாத்தீ (ரஹ்) என்றொரு மாமேதை வாழ்ந்து வந்தார்கள். இப்னுர் ரூமிய்யா என்பதும் அவர்களுடைய பெயரே. அவர்கள் ஹதீஸ் கலையில் ஹாஃபிழ் என்னும் தகுதி பெற்றவர்கள். அதே நேரத்தில், தாவரவியலில் தம் காலத்தில் இணையற்றவர்கள். இவ்விரண்டு கலைகளும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தது நம் சிந்தனைக்குரியது. ஹதீஸ் கலையில் ஒரு செய்தி வந்தால், அதனைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவர்தாமா, நினைவாற்றல் உடையவர்தாமா என்று வரிசை வரிசையாக விசாரிப்பார்கள். அந்த விசாரணையில் பழகிய உள்ளமே, ஒரு மூலிகையைப் பற்றிய செய்தி வந்தபோதும் அவ்வாறே விசாரித்தது. இந்த உஸ்தாதிடம்தான் நம் இப்னுல் பைத்தார் அவர்கள் மாணவராகச் சேர்ந்தார்கள். இஷ்பீலியாவைச் சுற்றியிருந்த வயல்களிலும் குன்றுகளிலும் ஆசிரியருடன் நடந்து, செடிகளைப் பறித்து, வேரும் இலையும் பூவும் விதையும் நோக்கிப் பாடம் கற்றார்கள்.

பெயரில் இருந்த ஆபத்து

செடிகளை அறிவதற்கு இத்தனை விசாரணை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கிறிஸ்தவ ஆண்டு முதல் நூற்றாண்டில் வாழ்ந்த டயஸ்கோரிடீஸ் என்னும் கிரேக்க மருத்துவர் ஐந்து பகுதிகள் கொண்ட மருந்து நூல் ஒன்றை எழுதினார். 9ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் அந்நூல் அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. மொழிபெயர்த்தவர் தமக்குத் தெரிந்த செடிகளுக்கு அரபுப் பெயர் எழுதினார். தெரியாதவற்றைக் கிரேக்கப் பெயரிலேயே விட்டு வைத்தார். பின்வரும் அறிஞர்களுக்கு அல்லாஹ் அவற்றை விளக்கித் தருவான் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. 10ஆம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்தினோப்பிள் சக்கரவர்த்தி அந்நூலின் கிரேக்கப் பிரதி ஒன்றைக் குர்துபாவின் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்குக் காணிக்கையாக அனுப்பினார். கிரேக்கம் அறிந்தவர் குர்துபாவில் இல்லாததால், 951இல் நிக்கோலஸ் என்ற பாதிரியார் ஒருவரும் வரவழைக்கப்பட்டார். முஸ்லிம் மருத்துவர்களும் யூத மருத்துவர் ஒருவரும் அப்பாதிரியாருடன் அமர்ந்து, பெயர் பெயராகச் செடிகளை அடையாளம் கண்டார்கள்.

ஒரு பெயரைப் பிழையாகப் படித்தால் ஓர் உயிர் போகும் என்பதே இத்தனை உழைப்புக்கும் காரணம். அரபு எழுத்துகளை ஓதத் தெரிந்த நம் வீட்டுக் குழந்தைகளும் இதனை எளிதில் விளங்கிக் கொள்வார்கள். மேலே ஒரு நுக்தா இட்டால் நூன். கீழே இட்டால் பா. மேலே இரண்டு இட்டால் தா. மூன்று இட்டால் ஸா. நகல் எடுப்பவரின் கை சற்று நழுவினால், ஒரு மூலிகை மற்றொரு மூலிகையாகிவிடும்!

ஊர் ஊராகத் தேடல்

1220ஆம் ஆண்டையொட்டி இப்னுல் பைத்தார் அவர்கள் தாயகத்தை விட்டுப் புறப்பட்டார்கள். மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, திரிபோலி, பர்க்கா என வட ஆப்பிரிக்காவின் கரையோரமாகவே பயணம் தொடர்ந்தது. பின்னர்க் கிரேக்கர் வாழ்ந்த ரூம் நாடுகளுக்கும் சென்றார்கள். சென்ற இடமெல்லாம் செடிகளை அவை முளைத்த மண்ணிலேயே கண்டு, அவ்வூர் மக்கள் வழங்கும் பெயரைக் கேட்டுக் குறித்துக் கொண்டார்கள்.

கல்வியை யாரிடமிருந்தும் பெறலாம் என்பதில் அவர்கள் தயக்கம் காட்டியதில்லை. பிஜாயா நகரின் சுற்றுப்புறத்தில் வாழ்ந்த பெர்பர் குலத்தார் சிலர், ஆத்ரிலால் என்ற செடியின் விதையால் வெண்குஷ்டத்திற்கு வைத்தியம் செய்து வந்தனர். அதனை இரகசியமாகவும் காத்து வந்தனர். விதையை உட்கொள்ளச் செய்து, வெண்திட்டு உள்ள இடத்தை வெயிலில் காட்டும் அம்முறையை இப்னுல் பைத்தார் அவர்கள் தம் நூலில் பதிவு செய்தார்கள். அச்செய்தி எந்தக் குலத்தாரிடமிருந்து வெளிப்பட்டது என்பதையும் மறவாமல் எழுதினார்கள். 1940களில் எகிப்திய அறிஞர்கள் அதே செடியின் விதையிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து, வெண்குஷ்ட சிகிச்சையில் பயன்படுத்தினார்கள். படிப்பறிவில்லாத மலைவாசிகளின் பெயரும் ஒரு மகத்தான மருத்துவ நூலில் நின்று நிலைத்துவிட்டது.

இறுதியில் எகிப்து சென்றடைந்தார்கள். மாவீரர் சலாஹுத்தீன் அய்யூபியின் சகோதரர் மகனான சுல்தான் மலிக்குல் காமில், இப்னுல் பைத்தார் அவர்களின் புலமையைக் கண்டு, நாட்டின் மூலிகையாளர் அனைவருக்கும் தலைவராக நியமித்தார். சுல்தானுடைய ஆட்சி திமிஷ்க் நகருக்கு விரிந்தபோது, ஷாம் தேசத்தின் மலைகளும் நம் அறிஞரின் பாடசாலையாயின. 1238இல் அந்த சுல்தான் மறைந்த பின், அவருடைய மகன் மலிக்குஸ் ஸாலிஹ் அய்யூபின் ஆதரவில் பணி தொடர்ந்தது.

மாணவர் செய்த சோதனை

ஹிஜ்ரி 633இல் திமிஷ்க் நகரில் இளம் மருத்துவர் ஒருவர் இப்னுல் பைத்தார் அவர்களைச் சந்தித்தார். பிற்காலத்தில் மருத்துவர்களின் வரலாற்றைப் பெருநூலாக எழுதிப் புகழ் பெற்ற இப்னு அபீ உஸைபிஆ அவர்களே அந்த இளைஞர். திமிஷ்கின் புறநகர்களில் ஆசிரியருடன் நடந்து பல செடிகளை நேரில் கண்டதாக அவர் பதிவு செய்திருக்கிறார். ஆசிரியரின் அறிவைப் போன்றே அவர்களின் நற்பண்பும், தயாள குணமும், பழகும் இனிமையும் தம் உள்ளத்தைக் கவர்ந்ததாகவும் குறிப்பிடுகிறார்.

அம்மாணவர் டயஸ்கோரிடீஸ், ஜாலினூஸ், அந்தலூஸ் அறிஞர் ஃகாஃபிகீ ஆகியோரின் நூல்களைத் திறந்து வைத்துக் கொண்டு அமர்வார். ஆசிரியர் ஒரு மூலிகையை எடுத்துக் கொண்டு, டயஸ்கோரிடீஸ் அதைப் பற்றிச் சொன்னதை முதலில் கூறுவார்கள். அடுத்து ஜாலினூஸ் சொன்னதையும், பின்வந்தோர் சொன்னவற்றையும் கூறி, யார் எங்கே பிழை செய்தார் என்பதையும் எடுத்துக் காட்டுவார்கள். மாணவர் பின்னர் நூல்களுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் எதுவும் விடுபட்டிருக்காது. அதனினும் வியப்பு யாதெனில், அம்மருந்து எந்தப் பகுதியில் எத்தனையாவதாக இடம் பெற்றிருக்கிறது என்பதையும் ஆசிரியர் நினைவிலிருந்தே சொல்வார்களாம். ஹதீஸ்களை வரிசையுடன் மனனம் செய்த சமுதாயத்தின் நினைவாற்றல், மூலிகைக் கலையிலும் வெளிப்பட்ட விதம் இது!

ஆறு நிபந்தனைகள்

இப்னுல் பைத்தார் அவர்களின் தலையாய நூல், தனி மருந்துகளையும் உணவுப் பொருள்களையும் தொகுத்துரைக்கும் அல்ஜாமிஃ ஆகும். இதில் 1,400க்கும் மேற்பட்ட பொருள்கள் இடம் பெறுகின்றன. ஏறத்தாழ 150 ஆசிரியர்களின் கருத்துகள் அவரவர் பெயருடன் தரப்பட்டுள்ளன. நோயுற்ற உறுப்புகளின் வரிசைப்படி மருந்துகளைக் கூறும் அல்முஃக்னீ என்ற மற்றொரு நூலும் அவர்களுடையதே.

அல்ஜாமிஃ நூலின் முகவுரையில் தமக்குத் தாமே ஆறு நிபந்தனைகளை அவர்கள் விதித்துக் கொண்டார்கள். முன்னோர் சொன்னவற்றை முழுமையாகத் திரட்டுவது. பார்த்தும் பரீட்சித்தும் தமக்கு உறுதியானதையே ஏற்பது, அவ்வாறு உறுதியாகாததை விலக்குவது. தேவையின்றித் திரும்பக் கூறாதிருப்பது. தேடுவோருக்கு எளிதாக அகர வரிசையில் அமைப்பது. பழையவரோ புதியவரோ யார் பிழை செய்திருந்தாலும் அதைச் சுட்டுவது. ஒவ்வொரு பொருளின் பெயரையும் பல மொழிகளில் தந்து, நுக்தாவும் உயிர்க்குறியும் மாறாதபடி எழுத்தெழுத்தாக விளக்குவது. இவையே அந்த ஆறும். அமானிதம் என்ற சொல்லுக்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமோ?

வலியைத் தணிக்கும் மூலிகைகள்

இந்த நிபந்தனைகளின் அருமையை உணர, வலி நிவாரணிகளைப் பற்றிய பகுதிகளை நோக்கினால் போதும். மனிதன் முதலில் மருந்து தேடியது வலிக்காகவே. வலியால் துடிப்பவன் எதையும் விழுங்கச் சித்தமாக இருப்பான். ஆகவே, இத்துறையில்தான் பிழை மிகக் கொடியதாகிறது.

வலி தணிக்கும் மருந்துகள் எல்லாம் ஒரே விதமானவை அல்ல என்பதை இப்னுல் பைத்தார் அவர்களுக்கு முன்பே இப்னு சீனா (ரஹ்) அவர்கள் கானூன் நூலில் பிரித்துக் காட்டியிருந்தார்கள். வலிக்குக் காரணமான வீக்கத்தைக் கரைப்பவை ஒரு வகை. உறுப்பை மரத்துப் போகச் செய்பவை வேறொரு வகை. மரத்துப் போகச் செய்வது வலியை மறைக்குமே தவிர, அதன் காரணத்தை நீக்காது. இக்கால மருத்துவர்களும் அழற்சியைத் தணிக்கும் மருந்துகளையும், அபின் வழிவந்த மருந்துகளையும் இரு வேறு வகைகளாகவே கருதுகின்றனர்.

சூரஞ்சான் என்ற கிழங்கை எடுத்துக் கொள்வோம். கால் பெருவிரலில் நெருப்பு வைத்தாற்போல் எரியும் நிக்ரிஸ் என்னும் வாத நோய்க்கும், மூட்டு வலிக்கும் அரபு மருத்துவர்கள் இதனைக் கொடுத்து வந்தனர். ஆனால், இதன் இனத்தைச் சேர்ந்த கிழங்கு ஒன்றை டயஸ்கோரிடீஸ் கொல்லும் நஞ்சு என்றே விவரித்திருந்தார். உண்ணத்தக்க கிழங்கென எண்ணி யாரும் ஏமாந்து தின்றுவிடக் கூடாது என்பதற்காகவே அதனை எழுதியதாகவும் காரணம் கூறியிருந்தார். வெண்ணிறச் சூரஞ்சானே மருந்துக்குரியது, சிவப்பும் கறுப்பும் நஞ்சு என்று முஸ்லிம் மருத்துவர்கள் நிறம் பிரித்து எச்சரித்தார்கள். ஒரே பெயர், ஒன்று மருந்து, மற்றொன்று மரணம்!

1820இல் பிரெஞ்சு அறிஞர்களான பெல்லெத்தியேயும் கவெந்துவும் இக்கிழங்கின் இனத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளே பின்னர்க் கோல்ச்சிசின் என்று பெயர் பெற்றது. அழற்சி கண்ட இடத்திற்கு வெள்ளணுக்கள் திரண்டு செல்வதை அது தடுக்கிறது. ஆகவே வீக்கமும் வலியும் தணிகின்றன. இன்றும் நிக்ரிஸ் நோய்க்கு மருத்துவர்கள் இம்மருந்தை எழுதிக் கொடுக்கிறார்கள். 2023இல் இருதய நோயாளிகள் சிலருக்கும் இதனைக் குறைந்த அளவில் வழங்க அமெரிக்க அரசின் மருந்துத் துறை அனுமதி அளித்தது. எனினும், குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையேயுள்ள தூரம் இம்மருந்தில் மிகக் குறைவு.

நம் தமிழகத்திலும் இதே கோல்ச்சிசின் ஒரு செடியில் இருக்கிறது. நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் உழவர்கள் இதனை விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அவ்விதை மருந்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. அதே செடியின் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணி உண்டவர்கள் உயிரிழந்ததும் உண்டு. டயஸ்கோரிடீஸ் அஞ்சிய ஆபத்து நம் வேலியோரத்திலேயே பூத்துக் கிடக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி, சஃப்சாஃப் என்று அரபியில் வழங்கும் வில்லோ மரம். இதன் பட்டையையும் இலையையும் காய்ச்சிய நீரால் நிக்ரிஸ் வலிக்கு ஒத்தடம் கொடுக்கலாம் என்பது டயஸ்கோரிடீஸ் காலத்துக் குறிப்பு. அவருடைய ஐந்து பகுதிகளையும் இப்னுல் பைத்தார் அவர்கள் தம் நூலில் சேர்த்ததால், அக்குறிப்பும் அரபு உலகில் நிலைத்தது. 1828இல் ஜெர்மானிய அறிஞர் புக்னர் இம்மரப் பட்டையிலிருந்து சாலிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தார். அவ்வழியே தொடர்ந்த ஆராய்ச்சி, 1897இல் ஆஸ்பிரின் மாத்திரைக்குக் கொண்டு சேர்த்தது. அம்மாத்திரை எவ்வாறு வலியைத் தணிக்கிறது என்பதை, வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் உடலில் உருவாவதை அது தடுக்கிறது என்று 1971இல் ஜான் வேன் விளக்கினார். 1982இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

மரத்துப் போகச் செய்யும் வகையில் அபினும் பன்ஜ் என்ற குராசானி ஓமமும் அடங்கும். அபின் சிறிதளவில் வலியை நீக்கித் தூக்கம் தரும். அளவு மீறினால் எழ முடியாத தூக்கமாகிவிடும். பன்ஜ் விதையில் வெண்மையானதே மருந்துக்கு ஏற்றது. கறுப்பானது புத்தியைப் பேதலிக்கச் செய்யும் என்று பழைய நூல்கள் எச்சரிக்கின்றன. அபினிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்பின் பிரித்தெடுக்கப்பட்டது. புற்றுநோயின் கடும் வலிக்கு இன்றும் அதுவே துணை. அதே பொருள் அடிமைத்தனமாக மாறிக் குடும்பங்களை அழித்த கதையும் நாம் அறிந்ததே.

நமக்குரிய பாடம்

அன்பார்ந்த வாசகர்களே! அல்ஜாமிஃ நூலில் உள்ளவை யாவும் இன்று அப்படியே பின்பற்றத் தக்கவை என்று நாம் கூறவில்லை. சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்ற அக்கால அளவுகோல்களை மருத்துவ உலகம் கடந்து வந்துவிட்டது. ஆனால், அந்நூலை எழுதிய உள்ளத்தின் நேர்மை என்றும் பழமையாகிவிடாது.

இன்று முழங்கால் வலியால் வருந்தும் நம் தாய்மார்களிடமும் பெரியவர்களிடமும் பெயர் தெரியாத பொடிகளைக் கொண்டு வந்து விற்போர் பலர் உள்ளனர். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். நபிவழி மருத்துவம் என்ற சொல்லை உறையின் மீது அச்சிட்டுவிட்டால், கேள்வி கேட்பதே பாவம் என்று நம் மக்களும் எண்ணிவிடுகிறார்கள். மூலிகை என்று விற்கப்பட்ட வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தது பல நாடுகளின் சோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. அத்தகைய பொடியை உண்டவருக்கு இரண்டே நாளில் வலி பறந்துவிடும். மாதங்கள் கழித்து எலும்பும் இரத்தச் சர்க்கரையும் கெட்டுவிடும்.

கருஞ்சீரகத்தின் சிறப்பைக் கூறும் ஹதீஸை நாம் முழு மனத்துடன் நம்புகிறோம். அதிலுள்ள தைமோகுவினோன் என்ற பொருள் அழற்சியைத் தணிப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகளும் காட்டியுள்ளன. ஆனால், எந்த நோய்க்கு, எந்த அளவில், எத்தனை நாள் என்பதை மனிதர்களிடம் சோதித்து முடிவு கண்டது இன்னும் சிறிதளவே. ஆகவே அந்த ஹதீஸைக் காட்டி, ஒரு நோயாளி உண்டு வரும் மருந்தை நிறுத்தச் சொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை. நபி (ஸல்) அவர்களின் பெயரால் பொய் உரைப்பது எத்துணை பெரிய குற்றம் என்பதை நாம் அறிவோம். தாம் சோதித்தறியாத மருந்துக்கு அவர்களின் பெயரைச் சூட்டி விற்பவர், தாம் எங்கே நிற்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இப்னுல் பைத்தார் அவர்கள் ஹிஜ்ரி 646 ஷஃபான் மாதத்தில், அதாவது 1248ஆம் ஆண்டின் இறுதியில், திமிஷ்க் நகரில் திடீரென மரணமடைந்தார்கள். அவர்கள் பாடம் கற்ற இஷ்பீலியா நகரம் முஸ்லிம்களின் கையை விட்டுப் போனதும் அதே ஆண்டில்தான். நகரம் போயிற்று, ஆட்சியும் போயிற்று. ஆயினும், அந்நகரின் வயல்களில் கற்ற கல்வி நூலாக நிலைத்துவிட்டது. 1874இல் எகிப்தின் பூலாக் அச்சகத்தில் அது நான்கு பாகங்களாக அச்சேறியது. 1877 முதல் 1883 வரை லெக்லெர் என்பவரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வெளிவந்து, ஐரோப்பிய அறிஞர்களின் கைகளிலும் தவழ்ந்தது.

அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒருவர் வலிக்கு மருந்து என்று ஒரு பொட்டலத்தைப் பிரிக்கும்போது, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதன் பெயர் என்ன? இதைச் சோதித்தவர் யார்? இதன் அளவு என்ன? உண்டு வரும் மற்ற மருந்துகளுடன் இது ஒத்துப் போகுமா என்பதைத் தகுதி பெற்ற மருத்துவரிடமோ, முறையாகப் பயின்ற ஹகீமிடமோ விசாரியுங்கள். இவ்வாறு கேட்பது ஈமானில் குறைவு ஆகாது. மூலிகைகளில் நிவாரணத்தை வைத்த இறைவன்தான், அதனைப் பகுத்தறியும் அறிவையும் நமக்கு அமானிதமாகத் தந்திருக்கிறான்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! மருந்து தருவோருக்கு வாய்மையையும், மருந்து உண்போருக்கு விழிப்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.